ஹப்பை அடுக்கினா மட்டும் போதுமா? - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஹப்பு, ஸ்விட்ச்சு (கொம்பியூட்டர்களைக் கேபிளால ஒண்ணோட ஒண்ணு சேர்க்கிற பெட்டிங்க), அதை ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்குற 'ஸ்டாக்', அப்புறம் 'மெனேஜ்ட்'ன்ற அந்த வார்த்தை, அதாவது உக்காந்த இடத்துல இருந்தே பெட்டியைப் பாத்து மாத்துற வசதி. நம்ம மலையகத்துல பாடசாலை, தோட்ட ஒபிஸ், ஹோட்டல்னு எல்லா இடத்துலயும் இந்தக் குழப்பம் இருக்கு, காசும் அதுலயே வீணாப் போகுது. அதுனால முழுப் பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: கொழும்புல ஒரு கம்பனி இடம் மாறினப்ப எங்க பாடசாலைக்கு 20 பழைய கொம்பியூட்டரும் மூணு ஹப்பும் குடுத்தாங்க. ஒவ்வொரு ஹப்லயும் 24 போர்ட் (கேபிள் செருகுற துளை), பின்பக்கம் தடிச்ச கேபிள் ஒண்ணு மூணையும் சேர்க்குது. ஒண்ணுல மட்டும் மெனேஜ்மென்ட்னு எழுதின கார்ட் ஒண்ணு செருகியிருக்கு. படிச்சு முடிச்ச பழைய மாணவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு இதெல்லாம் குப்பை மிஸ், தூக்கிப் போடுங்கன்றார். போட்டுடலாமா?
- ஐசிடி ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: மிஸ், தூக்கிப் போட்றாதீங்க. ஆனா 20 கொம்பியூட்டரையும் அதுலயே கொழுவி பாடம் நடத்தவும் வேணாம். ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

ஹப் செய்றது ரொம்பச் சின்ன வேலை. ஒரு போர்ட்ல வர்ற சிக்னலை வாங்கி மத்த எல்லா போர்ட்லயும் அப்படியே திருப்பி விடும், அது யாருக்கு வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. காலைல பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடுறாங்கல்ல, சத்தம் எல்லார் காதுலயும்தான் விழுது, பேருக்கு உரியவர் மட்டும் முன்னுக்கு வர்றார், அந்த மாதிரி. ரெண்டு பேர் ஒரே நேரத்துல சத்தம் போட்டா ரெண்டும் விளங்காது, ரெண்டு பேரும் நிறுத்தி கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கூப்பிடணும். இதைத்தான் கொலிஷன்னு சொல்றது, மோதல். மூணு ஹப்பையும் சேர்த்தா 72 போர்ட், ஆனா களம் ஒண்ணுதான், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம். உங்க ஹப் 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) வகைன்னா அந்தப் பத்தைத்தான் 20 பிள்ளைகளும் பங்கு போடணும், ஆளுக்கு அரை எம்பிபிஎஸ், அதுலயும் மோதல்ல கொஞ்சம் வீணாப் போகும். இன்னைக்கு ஒரு வெப் பக்கம் திறக்க அது காணாது.

அப்ப ஏன் இதை அடுக்கி வச்சாங்கன்னு கேப்பீங்க. 1990ல சாதாரண டெலிபோன் வயர் மாதிரி முறுக்கின கேபிள்ல 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்ல கொம்பியூட்டர்களை இணைக்கிற முறை) ஓட்டுறதுக்கு தரம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஹப் எல்லா ஒபிஸுக்குள்ளயும் நுழைஞ்சது. ஆனா ஒரு ஹப்ல இருந்து அடுத்த ஹப், அதுல இருந்து அடுத்ததுன்னு இஷ்டத்துக்குத் தொடுத்துட்டே போக முடியாது. ரெண்டு கொம்பியூட்டருக்கு இடையில நாலு ஹப்புக்கு மேல இருக்கக் கூடாதுன்றது கணக்கு. அதைத் தாண்டினா மோதல் நடந்த விஷயம் தூரத்துல இருக்கிறவருக்கு நேரத்தோட போய்ச் சேராது, அவர் ஒழுங்கா அனுப்பிட்டோம்னு நினைச்சிட்டிருப்பார், டேட்டா நடுவுல செத்துப் போயிருக்கும். 1995ல 100 எம்பிபிஎஸ் வந்தப்ப இன்னும் இறுக்கம், ரெண்டே ரெண்டு ஹப், அதுங்களுக்கு நடுவுல வெறும் 5 மீட்டர் கேபிள், ஒரு வகை ஹப்புக்கு அந்த ரெண்டும் கூட இல்ல, ஒண்ணோட சரி. இதைத் தாண்டத்தான் அடுக்குற ஹப் வந்துச்சு. அந்தத் தடிச்ச கேபிள் பெட்டிக்குள்ள இருக்கிற பாதையையே வெளிய நீட்டி அடுத்த பெட்டியோட சேர்த்துடுது, அதுனால பெட்டி மூணா இருந்தாலும் கணக்குல அது ஒரே ஹப். போர்ட் கூடும், ஹப் எண்ணிக்கை கூடாது.

அந்த கார்டுலதான் மிஸ் உண்மையான மதிப்பு இருக்கு. பெரும்பாலான மொடல்கள்ல அடுக்குல ஒரு பெட்டிக்கு கார்ட் இருந்தாலே போதும், அது மூணு பெட்டியோட 72 போர்ட்டையும் பாத்துக்கும். எந்த போர்ட்ல ஆள் இருக்கு, எவ்வளவு போகுது, எந்த போர்ட்ல மோதல் அளவுக்கு மீறி வருது, எதுல பழுதான ஃபிரேம் (டேட்டாத் துண்டு) வருதுன்னு எண்ணி வச்சிருக்கும், வேணாம்னா ஒரு போர்ட்டை உக்காந்த இடத்துல இருந்தே மூடலாம். கார்ட் இல்லாத ஹப் கூட ஒரு போர்ட்ல தொடர்ந்து 30 தடவைக்கு மேல மோதல் வந்தா அதைத் தானே ஒதுக்கி வைக்கும், ஆனா ஒதுக்கிட்டேன்னு யாருக்கும் வாயைத் திறந்து சொல்லாது, முன்பக்கம் ஒரு சின்ன லைட் மாறும், அவ்வளவுதான். சில மொடல்ல இன்னொரு வசதியும் உண்டு, கார்ட் வழியா போர்ட்டுகளைத் தனித்தனி கூட்டமாப் பிரிக்கலாம், அப்ப ஒரு பெரிய களம் நாலு சின்னக் களமா மாறும், மோதல் குறையும்.

லேப்புக்கு 24 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க, சாதாரணமானதே காணும். ஸ்விட்ச் ஹப் மாதிரி எல்லாருக்கும் கத்தாது, உரிய போர்ட்டுக்கு மட்டும் கொண்டு போய்க் குடுக்கும். 2011ல இருந்து ஈதர்நெட் தரமே இனிமே புது இடத்துல ஹப் போட வேணாம்னு சொல்லியாச்சு. ஆனா இந்த மூணு ஹப்பையும் லேப்புல ஒரு மூலைல மேசைல வச்சு நாலு கொம்பியூட்டர் கொழுவுங்க, வயர்ஷார்க்னு ஒரு இலவச சொஃப்ட்வெயர் இருக்கு, அதைப் போடுங்க. ஹப்ல எல்லாருக்கும் எல்லாமே வர்றதால ஒருத்தர் அனுப்புறதை மத்த மூணு பேரும் திரையில பாக்கலாம், ஏஎல் பிள்ளைகளுக்கு ஹப் எப்படி வேலை செய்யுது, ஃபிரேம்னா என்னன்னு புத்தகத்துல படம் காட்டுறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். புது ஸ்விட்ச்ல இதைக் காட்ட தனியா செட்டிங் போடணும், சாதாரண ஸ்விட்ச்ல அந்த வசதியே இருக்காது. வேற பாடசாலைகள்ல லேசுல இல்லாத சாமான் உங்க கைல இருக்கு.

கேள்வி: எங்க தோட்ட ஒபிஸ்ல 9 கொம்பியூட்டர், பெக்டரில 6, டிஸ்பென்சரில 1, துரை பங்களாவுல 2. ஒவ்வொரு இடத்துலயும் எட்டு போர்ட் பெட்டிங்க, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு கேபிள் இழுத்திருக்கு. செக்ரோல் (சம்பளக் கணக்கு) முடிக்கிற நாள்ல எப்படியும் ஒரு தடவை எல்லாம் நின்னுரும். வந்து பாத்த டெக்னீசியன் மெனேஜ்ட் ஸ்விட்ச்ல ஸ்டாக் போடணும்ன்றார், விலையைக் கேட்டா தலை சுத்துது. பெரிய துரை, சாதாரண பெட்டியும் அதே வேலையைத்தானே செய்யுதுன்னு கேக்கிறார். நான் என்ன பதில் சொல்றது அண்ணே?
- தோட்ட கிளாக்கர், நோர்வூட்

பதில்: தம்பி, துரை கேட்டது நியாயமான கேள்விதான். எல்லாம் நல்லா ஓடுற நாள்ல ரெண்டு பெட்டிக்கும் வித்தியாசமே தெரியாது. நின்னு போற நாள்லதான் தெரியும், அந்த ஒரு நாளுக்காகத்தான் காசு குடுக்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டம், பேர் வேணாம், ஜூலை மாசம், மழை விடவே இல்ல. காலைல ஏழு மணிக்கு போன், ஒபிஸ், பெக்டரி எல்லாத்துலயும் நெட்வேர்க் செத்துருச்சு, நாளைக்கு சம்பளம். நான் ஹட்டன்ல பஸ் ஏறி, இறங்கி, மேல நடந்து போய்ச் சேரும்போதே பத்தரை. எல்லாப் பெட்டிலயும் லைட் பைத்தியம் பிடிச்ச மாதிரி மின்னுது. எந்தப் பெட்டியும் மெனேஜ்ட் இல்ல, அதுனால கேக்கிறதுக்கு யாரும் இல்ல. ஒவ்வொரு கேபிளாக் கழட்டி, பாத்து, திரும்பப் போட்டு, அடுத்த கட்டிடத்துக்கு நடந்து, அங்கயும் அதே வேலை. கடைசில பின்நேரம் நாலு மணிக்கு பெக்டரி மேல்மாடில கொழுந்து வாட்டுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறை, அங்க இருந்த பெட்டில ஒரே கேபிளோட ரெண்டு முனையும் கொழுவியிருக்கு. கூட்டித் துடைக்க வந்த அக்கா கேபிள் சும்மா தொங்குதேன்னு நல்ல மனசோட கொழுவி விட்டிருக்காங்க. அவங்க மேல எந்தப் பிழையும் இல்ல. அப்படி ஒரு வளையம் விழுந்தா எல்லாருக்கும்னு அனுப்புற சின்னச் செய்தி கூட சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் பெருகும், சில வினாடில நெட்வேர்க் முழுக்க அதுவே நிறைஞ்சிரும். அஞ்சரை மணி நேரம் நான் தேடினேன், அத்தனை பேரும் கையக் கட்டிட்டு நின்னாங்க, சம்பளம் ஒரு நாள் பிந்திச்சு. லயத்துல கடைக்குக் கடன் சொல்லி வச்சிருக்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் பிந்துறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அதே இடத்துல மெனேஜ்ட் ஸ்விட்ச் இருந்திருந்தா, ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு வசதி அதுல இருக்கு, வளையம் விழுந்த உடனே அந்த போர்ட்டைத் தானே அடைச்சிருக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அடைச்சதோட நிக்காம பெக்டரி பெட்டி, இத்தனையாவது போர்ட்னு ஒபிஸ் கொம்பியூட்டருக்குச் செய்தியும் அனுப்பியிருக்கும். இந்தப் பேச்சு மொழிக்குப் பேர் எஸ்என்எம்பி, 1988ல வந்தது, ஹப் காலத்துல இருந்தே இதேதான். நம்ம கொம்பியூட்டர் போய்க் கேக்கலாம், அவசரம்னா பெட்டியே முந்திக்கிட்டு சொல்லும்.

துரைக்கு இன்னும் ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, பழுது முழுசா வர்றதுக்கு முந்தியே தெரியும். கேபிள் எலி கடிச்சோ ஈரம் ஏறியோ கெட்டுப் போறது ஒரே நாள்ல இல்ல, முதல்ல அந்த போர்ட்ல பழுதான ஃபிரேம் கணக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், நம்ம பக்கத்து மூடுபனிக்கும் ஈரத்துக்கும் கேபிளோட ஆர்ஜே45 முனை பச்சை பிடிக்கிறது சாதாரணம், வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கணக்கைப் பாத்தா செக்ரோல் நாளுக்கு முந்தியே கேபிளை மாத்திடலாம். ரெண்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் பேர் எழுதி வைக்கலாம், பெரிய கிளாக்கர் மேசை, தராசு, டீமேக்கர் அறைன்னு. புது ஆள் வந்தாலும் எது எங்க போகுதுன்னு தடவத் தேவையில்ல. செட்டிங் முழுக்க ஒரு ஃபைலாச் சேமிச்சு வச்சா, பெட்டி எரிஞ்சாலும் அதே மொடல் புதுசு ஒண்ணுல அந்த ஃபைலைப் போட்டு அரை மணி நேரத்துல எழுப்பிரலாம்.

இப்ப டெக்னீசியன் சொன்னதுல எனக்கு உடன்பாடில்லாத பகுதி. உங்களுக்கு மெனேஜ்ட் வேணும், ஸ்டாக் வேணாம். ஸ்டாக் கேபிள் அரை மீட்டர், ஒரு மீட்டர், மிஞ்சினா மூணு மீட்டர் அளவுலதான் வரும், அது ஒரே ராக்குல (பெட்டி அடுக்குற இரும்புச் சட்டம்) மேல கீழ அடுக்குற பெட்டிகளுக்கு. ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வழியா தூரத்துப் பெட்டியை ஸ்டாக் பண்ற மொடலும் இருக்கு, ஆனா மொத்தம் 18 கொம்பியூட்டருக்கு அந்த விலை குடுக்கிறது அநியாயம். ஒபிஸ்ல 24 போர்ட் மெனேஜ்ட் ஒண்ணு, பெக்டரில எட்டு போர்ட் மெனேஜ்ட் ஒண்ணு, டிஸ்பென்சரிக்கும் பங்களாவுக்கும் சின்னது, இது போதும். ஒபிஸுக்கும் பெக்டரிக்கும் இடையில 100 மீட்டருக்கு மேல இருந்தா அந்தச் செம்புக் கேபிள்தான் உங்க தலைவலியில பாதி, அதைக் கழட்டிட்டு ஃபைபர் இழுங்க. அப்புறம் அந்தத் தொடர் வேணாம், ஒவ்வொரு இடத்துல இருந்தும் நேரா ஒபிஸுக்கு வரட்டும், இப்ப இருக்கிற மாதிரி சங்கிலியா இருந்தா நடுவுல ஒண்ணு போனா அதுக்கு அப்பால இருக்கிற எல்லாம் போகும்.

கேள்வி: ஸ்டாக் பண்றதுக்கும் கேஸ்கேட் பண்றதுக்கும் என்ன வித்தியாசம் சேர்? ரெண்டுலயும் போர்ட் கூடத்தானே செய்யுது?
- டிப்ளோமா மாணவி, பதுளை

பதில்: போர்ட் கூடுறது ரெண்டுலயும் ஒண்ணுதான் தங்கச்சி. கேஸ்கேட்னா சாதாரண போர்ட்ல சாதாரண கேபிள் போட்டு தொடுக்கிறது, மூணு பெட்டி இருந்தா மூணு ஐபி அட்ரஸ், மூணு பாஸ்வேர்ட், ஒரு மாத்தம் செய்யணும்னா மூணு தடவை உள்ள போகணும், ஒண்ணுல மறந்துட்டா அங்கதான் பிரச்சினை பிறக்கும். ஸ்டாக்னா தனி ஸ்டாக் போர்ட், தனி கேபிள், மூணும் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரி நடந்துக்கும், ஒரு ஐபி, ஒரு செட்டிங் ஃபைல், போர்ட் நம்பர் மட்டும் 1/5, 2/5, 3/5ன்னு பெட்டி நம்பரோட வரும்.

வேகத்துலயும் வித்தியாசம் இருக்கு. கேஸ்கேட்ல பெட்டிக்குப் பெட்டி போற பாதை ஒரு கேபிளோட வேகம்தான். சிஸ்கோ 2003ல கொண்டு வந்த ஸ்டாக்வைஸ் முறைல 9 ஸ்விட்ச் வரைக்கும் சேக்கலாம், உள் பாதை 32 கிகாபிட். கேபிளை வளையமாப் போடுவாங்க, முதல் பெட்டில இருந்து கடைசிப் பெட்டிக்கும் ஒரு கேபிள் வரும், ஒரு கேபிள் அறுந்தாலும் மத்தப் பக்கமாச் சுத்திப் போகும். இந்த வளையம் முந்தின பதில்ல சொன்ன அந்த வளையம் இல்ல, இது அதுக்குன்னே செஞ்சது, குழப்பிக்காதீங்க. இன்னொரு பெரிய லாபம், சேர்வருக்குப் போற ரெண்டு கேபிளை ஒண்ணு முதல் பெட்டிலயும் இன்னொண்ணு மூணாவது பெட்டிலயும் கொழுவி ரெண்டையும் ஒரே இணைப்பாக் கட்டலாம், ஒரு பெட்டி செத்தாலும் சேர்வர் நிக்காது. தனித்தனி பெட்டி கேஸ்கேட்ல சாதாரணமா இது முடியாது.

பரீட்சைக்கு லாபத்தை மட்டும் எழுதாதீங்க, பாதகமும் எழுதுங்க, மார்க்ஸ் அங்கதான் இருக்கு. ஒரே கம்பனியோட ஒத்துப் போற மொடல்தான் சேரும், உள்ள ஓடுற சொஃப்ட்வெயர் ஒரே வேர்ஷனா இருக்கணும், அதை மாத்தும்போது பல மொடல்ல ஸ்டாக் முழுக்க ஒண்ணா விழுந்து எழும்பும். வளையமாப் போடாம விட்டு நடுக் கேபிள் கழண்டா ஸ்டாக் ரெண்டாப் பிளந்து ரெண்டு பாதியும் ஒரே ஐபில நின்னு அடிச்சுக்கும்.

கேள்வி: எங்க ஹோட்டல்ல ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர், நவம்பர் பின்நேர இடில ரெண்டு மூணு போர்ட் எரிஞ்சிருது. ஸ்டாக் போட்டா தப்பிக்கலாமா?
- ஹோட்டல் மெயின்டனன்ஸ் பொறுப்பாளர், பண்டாரவளை

பதில்: இடியை ஸ்டாக் தடுக்காது. உங்களுக்கு இதை யாராவது அப்படிச் சொல்லி விக்கப் பாத்தா வாங்காதீங்க.

முதல்ல எந்த போர்ட் எரியுதுன்னு பாருங்க. கட்டிடத்துக்கு வெளிய போற கேபிள், தோட்டத்துல இருக்கிற கெமரா, கேட்டுக்குப் போறது, மேல் பங்களாவுக்குப் போறது, அநேகமா இதுங்கதான். செம்புக் கேபிள் ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல வானத்துல தொங்கினா இடி நேரா அதுல விழத் தேவையில்ல, பக்கத்துல விழுந்தாலே கேபிள்ல மின்சாரம் ஏறிரும். அந்த இடங்களுக்கெல்லாம் ஃபைபர் போடுங்க, கண்ணாடி இழைல மின்சாரம் ஓடாது, ஆனா உள்ள இரும்புக் கம்பி வச்ச ஃபைபரும் கடைல இருக்கு, அது இல்லாததாக் கேட்டு வாங்குங்க. கெமராவுக்குச் செம்புதான் ஒரே வழின்னா சேர்ஜ் புரொடெக்டர் போட்டு அதை ஒழுங்கான எர்த்ல கொழுவுங்க, எர்த் இல்லாத புரொடெக்டர் சும்மா பெட்டிதான். ராக்குக்கும் எர்த் போகணும்.

ஸ்டாக்கும் மெனேஜ்மென்டும் உதவுறது அடி விழுந்ததுக்கு அப்புறம். இடி ஓஞ்சதும் திரையைத் திறந்தா எந்தப் பெட்டில எந்த போர்ட் செத்துருக்குன்னு வரிசையாத் தெரியும், ஏணி எடுத்துட்டு ஒவ்வொரு மாடியா ஏறத் தேவையில்ல. வளையமாக் கட்டின ஸ்டாக்ல ஒரு பெட்டி முழுசாப் போனாலும் மத்தது ஓடும், போனது மாஸ்டரா (ஸ்டாக்கை நடத்துற பெட்டி) இருந்தா மத்ததுல ஒண்ணு அந்தப் பொறுப்பை எடுத்துக்கும். யார் அடுத்த மாஸ்டர்னு நீங்களே முன்கூட்டி நம்பர் குடுத்து வச்சிருங்க, இல்லாட்டி பெட்டிகளே தங்களுக்குள்ள தீர்மானிச்சுக்கும், அது உங்களுக்குப் பிடிக்காத பெட்டியா இருக்கலாம். எல்லாப் பெட்டியையும் ஒரே யூபிஎஸ்ல கொழுவாதீங்க. 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினப்ப பல இடத்துல யூபிஎஸ் பெட்டரிதான் முதல்ல போச்சு, அந்த நேரம் செத்த பெட்டரியை இன்னும் மாத்தாம வச்சிருக்கிற இடங்களை நான் இப்பவும் பாக்குறேன், உங்களோடதையும் ஒருக்கா பாருங்க.

கேள்வி: 14 அறை கெஸ்ட் ஹவுஸ். ஏப்ரல் சீசன்ல ஆள் நிறையும்போது வைஃபை இழுக்குது, புக்கிங் கொம்பியூட்டரும் சேர்ந்து நிக்குது. மெனேஜ்ட் போட்டா வேகம் கூடுமா?
- கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவர், நுவரெலியா

பதில்: உங்க இன்டர்நெட் லைன் வேகம் கூடாதுங்க, ஆனா பங்கீடு உங்க கைக்கு வரும். விருந்தாளி வைஃபையையும் புக்கிங் கொம்பியூட்டரையும் வீலேன் போட்டு ரெண்டு தனி நெட்வேர்க்காப் பிரிங்க, ஒரே பெட்டி, ஒரே கேபிள்தான், ஆனா ஒண்ணுல இருக்கிறவருக்கு மத்தது தெரியாது. அறைக்கு வந்தவங்க படம் பாத்தாலும் புக்கிங் நிக்காத மாதிரி ரவுட்டர்ல அளவு வச்சிரலாம். பாதுகாப்புக்கும் இது கட்டாயம், வர்ற ஆள்ல ஒருத்தர் லெப்டொப்பைத் திறந்து உங்க கணக்குக் கொம்பியூட்டரைப் பாக்கிற நிலைமைல இப்ப நீங்க இருக்கீங்க. பிஓஈ உள்ள மெனேஜ்ட் ஸ்விட்ச்சா வாங்கினா வைஃபை பெட்டிக்கு கரண்டும் அதே கேபிள்ல போகும், அது தொங்கிட்டா நீங்க கீழ கவுன்டர்ல இருந்தே அந்த போர்ட்டோட கரண்டை நிறுத்திப் போடலாம், ஏணி வேணாம்.

கேள்வி: பழைய மெனேஜ்ட் ஹப், ஸ்விட்ச் எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல மலிவா வருது. வாங்கிப் போட்டா ஆபத்து ஏதும் உண்டா?
- கொம்பியூட்டர் கடை தம்பி, வெலிமடை

பதில்: ஸ்விட்ச்னா வாங்கலாம், ஹப்னா படிக்கிறதுக்கு மட்டும். ஹப்ல ஒருத்தர் அனுப்புறது எல்லாருக்கும் போகும்னு மேல சொன்னேன், லேப்புல பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அது எவ்வளவு நல்லதோ கடை, ஒபிஸ், வங்கி வேலைக்கு அவ்வளவு கெட்டது.

பழைய மெனேஜ்ட் பெட்டியை வாங்கின உடனே, கஸ்டமர் இடத்துல கொழுவுறதுக்கு முந்தி, முழுசா ரீசெட் பண்ணுங்க, முந்தி வச்சிருந்தவங்க பாஸ்வேர்ட் உள்ள கிடக்கும். அடுத்தது எஸ்என்எம்பி. பழைய வேர்ஷன்கள்ல பாஸ்வேர்ட் மாதிரி ஒரு சொல் இருக்கும், ஏராளமான பெட்டில வாசிக்கிறதுக்கு 'பப்ளிக்', மாத்துறதுக்கு 'பிரைவேட்'னே போட்டு வரும், இது உலகத்துக்கே தெரியும், மாத்தாம விட்டா நெட்வேர்க்ல இருக்கிற யாரும் உங்க போர்ட்டை மூடலாம், திறக்கலாம். அந்தச் சொல் மூடி மறைக்காம அப்படியே கேபிள்ல போகுதுன்றது இன்னொரு கேடு. 2002ல தரமான மூணாவது வேர்ஷன்ல மறைச்சு அனுப்புற வசதி இருக்கு, பெட்டி அதைத் தாங்கும்னா அதையே போடுங்க, தாங்காதுன்னா மாத்துற உரிமையை நிறுத்திட்டு வாசிக்கிறதை மட்டும் வைங்க. மெனேஜ்மென்ட் ஐபியைத் தனி வீலேன்ல வைங்க. மெனேஜ் பண்ற வசதி நமக்கு எவ்வளவு கை குடுக்குதோ பூட்டாம விட்டா அடுத்தவருக்கும் அவ்வளவு கை குடுக்கும், கஸ்டமர் உங்களை நம்பித்தான் கதவைத் திறந்து விடுறார், இதை லேசா எடுக்காதீங்க.

கேள்வி: ஏஎல் முடிச்சிட்டு வேலை தேடிட்டு இருக்கேன். நெட்வேர்க் டெக்னீசியனா வரணும். கொழும்பு போய்ப் படிக்க வசதி இல்ல. எங்க தொடங்கலாம் அண்ணே?
- தலவாக்கலை

பதில்: கொழும்பு போகாமலே தொடங்கலாம் தம்பி. ஒரு பழைய மெனேஜ்ட் ஸ்விட்ச், ஒரு பழைய கொம்பியூட்டர், ரெண்டு மூணு கேபிள், இது போதும். கொம்பியூட்டர்ல லினக்ஸ் போட்டு லிப்ரெஎன்எம்எஸ் இல்லாட்டி சபிக்ஸ் இறக்குங்க, ரெண்டும் இலவசம், எஸ்என்எம்பி வழியா ஸ்விட்ச்கிட்ட கேட்டு ஒவ்வொரு போர்ட்டுக்கும் கோடு வரைஞ்சு காட்டும். அப்புறம் வேணும்னே கெடுத்துப் பாருங்க. கேபிளோட ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்ல கொழுவி ஸ்பானிங் ட்ரீ என்ன செய்யுதுன்னு பாருங்க, அதை நிறுத்திட்டும் ஒரு தடவை செஞ்சு பாருங்க, வீட்டு இன்டர்நெட்டைக் கழட்டி வச்சிட்டு. ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும் முடியும்), மத்தப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்துல ஒண்ணுதான்) வச்சு ஃபைல் அனுப்புங்க, லைட் எரியும், பிங் (இணைப்பு இருக்கான்னு பாக்குற சோதனை) போகும், ஆனா ஃபைல் நத்தை மாதிரி ஊரும், அந்த நேரம் ஹாஃப் பக்கத்து போர்ட் கணக்குல பிந்தின மோதல், ஃபுல் பக்கத்துல பழுதான ஃபிரேம்னு ஏறும். இந்த ஒரு பழுதை அடையாளம் காணத் தெரியாம மாசக் கணக்கா கொம்பியூட்டரை மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

செய்றது ஒவ்வொண்ணையும் ஒரு கொப்பில எழுதுங்க, என்ன செஞ்சேன், எந்தக் கணக்கு ஏறிச்சு, எப்படிச் சரியாச்சுன்னு. மூணு மாசம் எழுதினதுக்கு அப்புறம் பக்கத்துல இருக்கிற பாடசாலைக்குப் போய் அதிபர்கிட்ட அந்தக் கொப்பியைக் காட்டி, உங்க லேப் ராக்கை ஒருக்கா ஒழுங்குபடுத்தித் தரட்டுமா சேர்னு கேளுங்க. முதல் நாள் எந்த செட்டிங்லயும் கை வைக்காதீங்க, ஒவ்வொரு கேபிளும் எங்க இருந்து எங்க போகுதுன்னு பாத்து ரெண்டு முனையிலயும் ஸ்டிக்கர் ஒட்டுங்க, ஈரத்துல அழியாத பேனால எழுதுங்க.